முதலில் ஃபேன் வாங்குங்கள்

போன வாரம் காஸ்டிங் வகுப்பு முடிந்து கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது மூன்றாவது ஆளாக ஒருத்தி வந்து கேட்டாள். "நீ வீட்டுக்குள்ளயே சைக்கிள் ஓட்டறியாமே? எந்த டிரெய்னர் வாங்கலாம், எந்த ஆப் போடலாம், சொல்லேன்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். நான் கோச் கிடையாது, எந்த ரேஸிலும் ஜெயித்தது கிடையாது, பி.காம். மூன்றாம் ஆண்டு. ஆனால் 40,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ராத்திரி தூங்காமல் டிரெய்னர் விலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்ற தகுதி எனக்கு உண்டு :)

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் ஒரு விடியற்காலை, சிறுவாணி ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் வந்த சரக்கு வேனின் கண்ணாடி என் முழங்கையில் இடித்தது. வேன் நிற்கவில்லை. நான் விழுந்ததில் காறை எலும்பு உடைந்தது. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். அம்மா முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னார்: "இனி அந்த சைக்கிள் ரோட்டுக்குப் போச்சுன்னா, நான் சோத்துல கை வைக்க மாட்டேன், பாத்துக்க கண்ணு." எங்கள் வீட்டில் இதற்கு மேல்முறையீடு கிடையாது.

படுத்திருந்த அந்த நாட்களில்தான் மேத்யூ ஹேமன் கதையைப் படித்தேன். ஆஸ்திரேலியக்காரர். 2016 பிப்ரவரி கடைசியில் பெல்ஜியத்தில் ஒரு ரேஸில் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். வீட்டு கேரேஜில் டிரெய்னரில் சைக்கிளை மாட்டி, ஸ்விஃப்ட் என்ற ஆப்பில் ஓட்டிப் பயிற்சி எடுத்தார். (மாருதி கார் இல்லை, இது இசட்டில் ஆரம்பிக்கும் ஸ்விஃப்ட்.) ஏப்ரல் 10ஆம் தேதி பாரிஸ்–ரூபே பந்தயத்தில், கல் பாவிய அந்தக் கொடூரமான ரோட்டில், டாம் போனனைத் தாண்டி ஜெயித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 37. கை உடைந்து படுத்திருப்பவளுக்கு இந்தக் கதை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கே டிரெய்னர் தேட ஆரம்பித்தேன்.

அப்பா ஒரு நாள் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சீட்டு எடுத்த காசு 40,000 இருக்கு பாப்பா. உன் சி.ஏ. கோச்சிங்குக்குன்னு வச்சது. சைக்கிள் மெஷின் வேணும்னா அதுல எடுத்துக்க, கோச்சிங்குக்கு அப்புறம் பாக்கலாம்." நான் "சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் பயம் வந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று அப்பா சொன்னால் எங்கிருந்து பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். கடன் வாங்கித்தான் பார்ப்பார்.

அதனால் பேப்பரும் பேனாவும் எடுத்து, வகுப்பில் சொல்லித் தருவதை வாழ்க்கையில் முதல் தடவையாக உபயோகித்தேன்.

இணையத்தில் இதைப் பற்றி எழுதுபவர்கள், பேசுபவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் சொல்கிறார்கள். முதலில் ஸ்மார்ட் டிரெய்னர், அதற்கு ஒரு ஆப், அதற்கு ஒரு பெரிய டி.வி., கடைசியில் "ஆங், ஒரு ஃபேனும் வைத்துக்கொள்ளுங்கள்". எட்டு மாதம் ஓட்டியதில் எனக்குப் பட்டது: இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். முதலில் ஃபேன். ஆப் கடைசி. அதுவும் தேவைப்பட்டால்.

ஏன் ஃபேன்? மனித உடம்பு சாப்பாட்டில் வரும் சக்தியில் ஏறத்தாழ 20-25 சதவீதத்தைத்தான் பெடலுக்குக் கொடுக்கிறது, மீதி எல்லாம் சூடாகத்தான் போகிறது. நீங்கள் பெடலில் 150 வாட் கொடுக்கிறீர்கள் என்றால் உடம்புக்குள் 450 முதல் 600 வாட் வரை வெப்பம் உண்டாகிறது. வீட்டு அயர்ன் பாக்ஸ் 750 வாட், 1,000 வாட் என்று இருக்கும். கிட்டத்தட்ட ஒரு சின்ன அயர்ன் பாக்ஸை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள். ரோட்டில் இது தெரியாது, ஏனென்றால் 25 கி.மீ. வேகத்தில் போனால் 25 கி.மீ. வேகக் காற்று இலவசமாக முகத்தில் அடிக்கிறது. அறைக்குள் காற்று நிற்கிறது. வியர்வை ஆவியாகாமல் தரையில் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும்.

நான் முதல் வாரம் சீலிங் ஃபேனை நம்பி ஓட்டினேன். 25ஆவது நிமிடத்தில் இதயத் துடிப்பு 172. தலை சுற்றி இறங்கிவிட்டேன். "நமக்கு ஸ்டாமினா போச்சு, இனி அவ்வளவுதான்" என்று அழுதேன் கூட. அடுத்த வாரம் 2,800 ரூபாய்க்கு ஒரு பெடஸ்டல் ஃபேன் வாங்கி நெஞ்சுக்கு நேராக வைத்து, அதே கியர், அதே வேகம், அதே 25 நிமிடம். துடிப்பு 158. என் ஸ்டாமினாவில் ஒரு குறையும் இல்லை, வெந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். வெளிநாட்டு ஆட்கள் குளிர்காலத்தில் கேரேஜில் ஓட்டுவதற்காக எழுதியதைப் படித்துவிட்டு ஏப்ரல் மாதக் கோயம்புத்தூரில் மாடி அறையில் ஓட்டினால் இப்படித்தான் ஆகும். கோயம்புத்தூருக்கே இந்தக் கதி. சென்னை மக்களே, உங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இன்னொன்று, ஹேண்டில்பாரில் ஒரு துண்டு போட்டு மூடுங்கள். வியர்வையின் உப்பு போல்ட்டுகளைத் துருப்பிடிக்க வைக்கும். எனக்கு ஸ்டெம் போல்ட் ஒன்று அப்படித்தான் போனது.

அடுத்தது மெஷின். மூன்று நான்கு வகை இருக்கிறது. மூன்று உருளைகள் மேல் சைக்கிளை அப்படியே வைத்து பேலன்ஸ் செய்து ஓட்டும் ரோலர் ஒன்று. அதை காறை எலும்பு உடைந்தவளிடம் யாரும் பேச வேண்டாம். பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து டயரை ஒரு சின்ன உருளையில் அழுத்தும் வகை ஒன்று. இதில் காந்தம் வைத்தது உண்டு, எண்ணெய்த் திரவம் வைத்த ஃப்ளூயிட் வகை உண்டு. ஃப்ளூயிட்டில் வேகம் கூடக் கூட எதிர்ப்பும் தானாகக் கூடும், ரோட்டில் ஓட்டும் உணர்வுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். மூன்றாவது டைரக்ட் டிரைவ்: பின் சக்கரத்தையே கழற்றிவிட்டு செயினை மெஷினில் உள்ள கேசட்டில் மாட்ட வேண்டும். சத்தம் குறைவு, அளவு துல்லியம், விலை பலமடங்கு. இது போக ஜிம்மில் இருக்கும் ஸ்பின் பைக். வீட்டில் சைக்கிளே இல்லாதவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் சாதாரண ஸ்பின் பைக்கின் சின்ன திரையில் வரும் வேகத்தையும் கலோரியையும் நம்பாதீர்கள். நாபை எவ்வளவு இறுக்கியிருக்கிறீர்கள் என்று பல மாடல்களில் அந்தத் திரைக்கே தெரியாது. சக்கரம் சுற்றுவதை மட்டும் எண்ணுகிறது.

வாங்குவதற்கு முன் யாரும் சொல்லாத ஒரு விஷயம். உங்கள் சைக்கிளைக் குனிந்து பாருங்கள். நம்மிடம் இருப்பது பெரும்பாலும் 15,000 ரூபாய்க்குள் வாங்கிய ஹைப்ரிட், பின்னால் ஏழு கியர், அதுவும் திருகி மாட்டும் ஃப்ரீவீல். டைரக்ட் டிரைவ் மெஷின்கள் எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று கியர் கேசட்டுகளுக்காகச் செய்யப்பட்டவை. பல்லுக்குப் பல் இடைவெளி ஒத்துப்போகாது, கியர் தட்டித் தட்டி விழும். பின் சக்கரத்துக்கு குவிக் ரிலீஸா, நட்டா, கனமான த்ரூ ஆக்ஸிலா என்பதையும் பார்க்க வேண்டும். நட் போட்ட சக்கரம் என்றால் சாதாரண டிரெய்னர் கூடப் பிடிக்காது, தனி நட் வாங்க வேண்டும். சைக்கிள் கடை அண்ணாவிடம் போய் உங்கள் சைக்கிளைக் காட்டிக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

என் வகுப்புத் தோழன் ஒருவன் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் டைரக்ட் டிரைவ் ஒன்றை 12 மாத ஈ.எம்.ஐ.யில் வாங்கினான். (டேய், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், பெயர் போடவில்லை, திட்டாதே.) மெஷின் வந்த பிறகு கேசட், செயின், ஷிஃப்டர் என்று சைக்கிளில் பாதியை மாற்றினான். பிறகு ஆப் சந்தா. மூன்று மாதம் தினமும் வாட் கணக்கு சொல்லி எங்களைக் கொன்றான். நான்காவது மாதம் செமஸ்டர், ஐந்தாவது மாதம் மெஷின் மேல் பெட்ஷீட் காய்ந்தது. "விக்கலாம்ல?" என்றால், "இவ்ளோ போட்டாச்சு, எப்படி விக்கறது" என்கிறான். சன்க் காஸ்ட் பற்றி இன்டர்னலில் பத்துக்கு ஒன்பது வாங்கியவன் சொல்கிற பதிலைப் பாருங்கள். போட்ட காசு போனதுதான். இனி அது எவ்வளவு உழைக்கும், இன்று விற்றால் எவ்வளவு வரும், இந்த இரண்டை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

நான் வாங்கியது: யாரோ பயன்படுத்திய ஃப்ளூயிட் டிரெய்னர் 6,500. ஃபேன் 2,800. பெடல் எத்தனை சுற்று, சக்கரம் எவ்வளவு வேகம் என்று காட்டும் சென்ஸார் ஜோடி 2,600. ரப்பர் மேட் 600. மொத்தம் 12,500. துடிப்பு பார்க்கும் பெல்ட் அண்ணனுடையது, திருப்பிக் கொடுக்கும் உத்தேசம் இல்லை. முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க முதலாம் ஆண்டு ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் புத்தகம் இரண்டு. மேட்டுக்கு அடியில் பழைய பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டேன், கீழ் வீட்டு அக்கா அதற்குப் பிறகு மேலே வரவில்லை. மீதி 27,500 கோச்சிங்குக்கே திரும்பிப் போனது.

"வாட் காட்டாதே, எப்படி முன்னேற்றம் தெரியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயிற்சி உலகத்தில் எஃப்.டி.பி. என்று ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்துக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச சக்தி என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, அதன் சராசரி வாட்டில் 95 சதவீதம் எடுப்பது வழக்கம். ஆனால் அந்த எண் எதற்கு? நேற்றைய என்னோடு இன்றைய என்னை ஒப்பிட. அதற்கு வாட்தான் வேண்டும் என்பதில்லை, மாறாத ஒரு அளவுகோல் போதும். ஃப்ளூயிட் டிரெய்னரில் ஒரு வேகத்துக்கு ஒரு சக்தி. டயரில் அதே 65 பி.எஸ்.ஐ. காற்று, உருளையின் திருகை டயர் தொட்ட பிறகு அதே இரண்டரைச் சுற்று, திரவம் சூடாக முதலில் பத்து நிமிடம் வார்ம் அப். இந்த மூன்றையும் மாற்றாமல் மாதம் ஒரு தடவை 20 நிமிடம் முழு மூச்சில் ஓட்டி எத்தனை கிலோமீட்டர் என்று எக்ஸெல்லில் எழுதுகிறேன். மார்ச்சில் 9.1. ஜூலையில் 10.4. காற்று அடிக்க மறந்த ஒரு மாதத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆடிட்டில் அதைத் தள்ளுபடி செய்துவிட்டேன்.

இப்போது ஆப். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மெஷின் ஒரு தடவை செலவு. சந்தா மாதாமாதம் வரும் செலவு, நீங்கள் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். ஸ்விஃப்ட் 2024இல் மாதச் சந்தாவை 14.99 டாலரிலிருந்து 19.99 டாலராக ஏற்றியது. மாதாமாதம் கட்டினால் வருடத்துக்கு 240 டாலர், நம் காசில் 20,000க்கு மேல். மாதத்தில் 20 நாள் ஓட்டினால் ஒரு தடவைக்குச் சுமார் 85 ரூபாய், பரவாயில்லை. என்னைப் போல எட்டு நாள் என்றால் 200 ரூபாயைத் தாண்டும். இரண்டு வருடச் சந்தாவில் என் மொத்த செட்டப்பை மூன்று தடவை வாங்கலாம்.

காசை விடப் பெரிய பிரச்சினை, ஆப் என்பது உங்கள் கையில் இல்லாத பொருள். ஆர்.ஜி.டி. என்று ஒரு ஆப் இருந்தது. டிரெய்னர் செய்யும் வாஹூ கம்பெனி 2022இல் அதை வாங்கியது, 2023இல் இழுத்து மூடியது. பெலோட்டான் கதை இன்னும் சுவாரஸ்யம். 2020இல் லாக்டவுன் வந்தபோது அந்த பைக்குக்காக அமெரிக்காவில் ஜனங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள், 2022 பிப்ரவரியில் கம்பெனி ஏறத்தாழ 2,800 பேரை வேலையை விட்டு அனுப்பியது, அதன் தலைமை அதிகாரியும் விலகினார். 2024இல் இன்னொரு வேலை செய்தார்கள்: பழைய பைக்கைத் தனிநபரிடம் வாங்கிச் சந்தாவில் சேர்ந்தால் அமெரிக்காவில் 95 டாலர் கட்டணம். யோசித்துப் பாருங்கள், விற்றவர் வேறு ஒருவர், வாங்கியவர் வேறு ஒருவர், நடுவில் கம்பெனிக்குக் கமிஷன். நம் ஊரில் சைக்கிள் கைமாறும்போது செய்த கம்பெனி வந்து காசு கேட்டால் விடுவோமா?

ஆகவே ஸ்மார்ட் டிரெய்னர்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை சொல்வேன். பெட்டியில் எஃப்.டி.எம்.எஸ். என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். புளூடூத்தில் உடற்பயிற்சி மெஷின்களுக்கான பொது மொழி அது. அது இருந்தால் ஒரு ஆப் மூடினாலும் விலை ஏற்றினாலும் இன்னொன்றுக்குப் போய்விடலாம். அபுதாபிக்காரர்களின் மைவூஷ் இலவசமாகவே கிடைக்கிறது, 2024இல் யு.சி.ஐ.யின் இ-ஸ்போர்ட்ஸ் உலகப் போட்டியே அதில்தான் நடந்தது. ஓட்டிய கணக்கை ஃபைலாக இறக்கி வைத்துக்கொண்டால் கோல்டன் சீட்டா என்ற இலவச மென்பொருளில் அலசலாம். உங்கள் வியர்வையின் கணக்கு உங்களிடம் இருக்கட்டும்.

ஆப்பே கூடாது என்று சொல்லவில்லை. ஸ்விஃப்டின் இலவசச் சோதனைக் காலத்தில் நானும் ஓட்டினேன். என் சாதா டிரெய்னரிலேயே வேக சென்ஸாரை வைத்து அது சக்தியைக் கணித்துக்கொள்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு, கதவு சாத்திய அறையில், உலகத்தின் எங்கெங்கோ இருந்து இருபது பேர் கூடவே ஓட்டுகிறார்கள். யாரோ ஒருவர் "கமான்" என்று தட்டிவிட்டுப் போகிறார். விபத்துக்குப் பிறகு தனியாகிப்போனவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த இரண்டு வாரம் தெரிந்தது. முடிந்த அன்றைக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஜேசன் ஆஸ்போர்ன் என்ற ஜெர்மன் படகுப் போட்டி வீரர் 2020இல் ஸ்விஃப்டில் நடந்த முதல் இ-ஸ்போர்ட்ஸ் உலகப் பட்டத்தை ஜெயித்து, பிறகு நிஜ சைக்கிள் அணியிலேயே சேர்ந்தார். அப்படிப்பட்டவருக்கு அந்தச் சந்தா செலவல்ல, முதலீடு. நமக்கு எது என்று நாம்தான் லெட்ஜரில் எழுத வேண்டும்.

வீட்டுக்குள் கிடைக்காதது ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கால் வலுவாகிறது, மூச்சு வலுவாகிறது. பேலன்ஸ், பிரேக், பின்னால் வரும் வண்டியின் சத்தத்தை வைத்து அது பஸ்ஸா வேனா என்று கண்டுபிடிக்கும் காது, இதெல்லாம் மழுங்குகிறது. ஆகஸ்ட்டில் முதல் தடவையாகத் தெருமுனை வரை சைக்கிளை எடுத்துப் போனேன், அம்மா கேட்டில் நின்றுகொண்டிருந்தார். நாற்பது நிமிடம் நிற்காமல் மிதிப்பவள், ஒரு ஆட்டோ பக்கத்தில் வந்ததும் காலை ஊன்றிவிட்டேன். கை நடுங்கியது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை எந்தத் திரையிலும் காட்டலாம், இந்த நடுக்கத்துக்கு எந்த ஆப்பிலும் பயிற்சி இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும், வெளிச்சம் வந்த பிறகு, அப்பா ஸ்கூட்டரில் பின்னால் வர, ஐந்து கிலோமீட்டர். அதற்கு அம்மா ஒன்றும் சொல்வதில்லை, சாப்பிடவும் செய்கிறார்.

13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய 200 கி.மீ. பிரவே ஒன்றுக்கு என்றைக்காவது பெயர் கொடுக்க வேண்டும் என்று ஆசை. கால் அதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கேன்டீனில் கேட்டவளுக்கு என் பதில் இதுதான்: இப்போதைக்கு ஒன்றும் வாங்காதே. சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வா, என்னுடையதில் அரை மணி நேரம் மிதித்துப் பார். துண்டு கொண்டு வா. வரும்போது உன் சைக்கிளையும் கொண்டு வந்தால் பின் சக்கரத்தில் என்ன இருக்கிறது என்று சேர்ந்து குனிந்து பார்க்கலாம். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மட்டும் வராதே, அந்த நேரத்தில் ஃபேன் அப்பாவின் தூக்கத்துக்குப் போய்விடும்.